மாடி ஏறும் முன் பில்லைப் பாருங்கள்

காலையில் பேப்பரைப் பிரித்தால் உள்ளிருந்து நழுவி விழுகிறது ஒரு துண்டுப் பிரசுரம். மஞ்சள் சூரியன், நீலப் பேனல், நடுவில் கொட்டை எழுத்தில் ‘78,000 ரூபாய் அரசு மானியம்’. அந்த நம்பருக்குப் போன் போட்டால் பேச்சு இப்படித்தான் போகிறது: “நம்ம வீட்டுக்கு மூணு கிலோவாட் போட்டுடலாம் சார். அதுக்கப்புறம் பில்லே வராது.” வீட்டில் எத்தனை யூனிட் ஓடுகிறது என்று யாரும் கேட்கவில்லை. மாடியில் எந்தப் பக்கம் நிழல் விழுகிறது என்றும் கேட்கவில்லை. ஆனால் மூன்று கிலோவாட் என்பது முடிவாகிவிட்டது.

ஏன் மூன்று? மானியம் அங்கே முட்டி நிற்கிறது, அதனால்தான். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000. ஒரு கோடி வீடுகள் இலக்கு, 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு. நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் மொட்டை மாடியைச் சும்மா காயவிடுவதைவிட அதில் மின்சாரம் எடுப்பது எவ்வளவோ மேல். ஆனால் எந்த வீட்டுக்கு எத்தனை கிலோவாட் என்பதை மானியத் தொகை தீர்மானிக்கக் கூடாது. அதைத் தீர்மானிக்க வேண்டிய தாள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அதுதான் ஈபி பில்.

பில் சொல்லும் கணக்கு

தமிழ்நாட்டு மின்கட்டணம் ஸ்லாப் முறையில் ஏறுவது. 2024 ஜூலைத் திருத்தத்துக்குப் பிறகு வீடுகள் கட்டிவந்த விகிதத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. பிறகு படி செங்குத்தாகிறது. 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50. 500-ஐத் தாண்டிவிட்டால் கீழே 2.35 என்றிருந்த சலுகையும் போய், அந்த 100 யூனிட்டுக்கும் 4.70 விழும். 500-இல் 1,805 ரூபாயாக நிற்கும் பில், ஒரே ஒரு யூனிட் கூடினால் இருநூறு ரூபாய்க்கு மேல் எகிறுவது இதனால்தான்.

சோலார் இந்த ஏணியின் மேல்படியிலிருந்து வெட்டிக்கொண்டு வருகிறது. முதலில் விலையுயர்ந்த யூனிட்டுகள் போகின்றன, பிறகு மலிவானவை, கடைசியில் இலவச யூனிட்டுகள். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

நம்மூரில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளொன்றுக்கு நான்கு யூனிட் தரும். அதாவது இரண்டு மாதத்துக்கு சுமார் 240. ஏசி இரண்டு, கீசர், ஃபிரிட்ஜ் என்று இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் ஓடும் ஒரு வீடு 5,820 ரூபாய் கட்டுகிறது. அங்கே இரண்டு கிலோவாட் வைத்தால் 480 யூனிட் கழிந்து, மீதி 420-க்கு 1,301 ரூபாய்தான் வரும். ஒரு பில்லுக்கு நாலாயிரத்து ஐந்நூறு மிச்சம், வருடத்துக்கு 27,000. மூன்றாவது கிலோவாட்டையும் சேர்த்தால் பில் 188 ரூபாய்க்கு இறங்கும். அந்த மூன்றாவது கிலோவாட் தனியாகச் சம்பாதித்துக் கொடுப்பது 1,113 ரூபாய் மட்டுமே. நான்காவது? வெறும் 188.

செலவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மானியம் போக முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கையிலிருந்து போவது 60,000. இரண்டு வருடத்துக்குச் சற்று மேல் ஓடினால் போட்ட பணம் வந்துவிடும். மூன்றாவதற்கு 42,000 போகிறது, திரும்பி வர ஆறு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவும் மோசமில்லை. ஏசி கூடப்போகிறது, மின்சார ஸ்கூட்டர் வரப்போகிறது என்றால் மூன்று சரிதான். நான்காவது வேண்டவே வேண்டாம்.

இப்போது இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடும் வீட்டுக்கு வாருங்கள். நான்கு ஃபேன், டிவி, ஃபிரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர் உள்ள ஒரு சாதாரணக் குடும்பம். பில் 705 ரூபாய். ஒரு கிலோவாட் போட்டாலே பில் பூஜ்யம். மூன்று போட்டாலும் அதே பூஜ்யம். மூன்று கிலோவாட்டுக்கு மானியம் போக ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து, வருடத்துக்கு 4,230 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார்கள். பேனலின் ஆயுளே முடியப்போகும்போதுதான் அசல் திரும்பும். ஆண்டு முடிவில் மிஞ்சி நிற்கும் யூனிட்டுக்கு மின்வாரியம் தரும் தொகையை நம்பி யாரும் கடன் வாங்கக் கூடாது. நகையை அடகு வைத்து மூன்று கிலோவாட் போடச் சொல்லும் விற்பனையாளர், அந்தக் குடும்பத்துக்குச் செய்வது துரோகம்.

பில்லில் நெட்வொர்க் கட்டணம் என்று ஒன்றும் சேரும். அதை செக்ஷன் ஆபீஸில் கேட்டு உங்கள் கணக்கில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு பில்லை மட்டும் பார்த்து முடிவெடுக்கவும் வேண்டாம். ஆறு பில்லையும், அதாவது ஒரு முழு வருடத்தை, வரிசையாக எழுதுங்கள். மே மாதத்தில் 900 காட்டும் வீடு டிசம்பரில் 350 காட்டும். கோடையில் மிஞ்சுவது வரவாக ஏறி, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் உற்பத்தி குறையும்போது கைகொடுக்கும். வீடுகளுக்கு 2021-இல் மீண்டும் கொண்டுவரப்பட்ட நெட் மீட்டரிங் முறையின் பெரிய நன்மை இதுதான். வெளியே அனுப்பிய யூனிட்டும் உள்ளே வாங்கிய யூனிட்டும் ஒன்றுக்கொன்று நேராகக் கழியும்.

நிழலும் காற்றும்

கணக்கு முடிந்ததும் மாடிக்குப் போங்கள். கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும் என்பது எல்லோரும் சொல்வது. ‘நிழலில்லாத’ என்ற சொல்லைத்தான் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

பக்கத்து வீட்டுத் தென்னையின் ஒரே ஒரு மட்டை, காலை பத்து மணிக்கு ஒரு பேனலின் மூலையில் கோடு கோடாக நிழல் போடுகிறது என்று வையுங்கள். பேனலில் உள்ள செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டவை. ஒரு செல் இருட்டில் மாட்டினால் அந்த வரிசையில் மற்ற செல்களின் மின்னோட்டமும் அதன் அளவுக்கு இறங்கும். முழுசாகப் படுத்துவிடாமல் இருக்க ‘பைபாஸ் டயோடு’ பேனலின் மூன்றில் ஒரு பகுதியைச் சுற்றி வழிவிடும். ஆக, கையகல நிழல் ஒரு பேனலின் மூன்றில் ஒரு பங்கைச் சாப்பிடுகிறது. சின்டெக்ஸ் தொட்டி, மாடிப்படி அறை, டிஷ் ஆன்டெனா, கைப்பிடிச் சுவர் எல்லாமே இப்படித்தான். நிழலைத் தவிர்க்கவே முடியாத மாடியில், ஒவ்வொரு பேனலுக்கும் தனி மைக்ரோ இன்வெர்ட்டர் கேளுங்கள். கூடுதல் செலவுக்கு அங்கே நியாயம் உண்டு.

நம் ஊருக்கென்று ஒரு விசேஷமும் இருக்கிறது. பேனல் தெற்கு பார்த்து, பத்திலிருந்து பதின்மூன்று டிகிரி சாய்வில் இருக்க வேண்டும் என்பது சரி. அதனால் நிழலையும் தெற்கே மட்டும்தான் தேடுகிறார்கள். சென்னையில் சித்திரை பிறந்து சில நாட்களில் உச்சிச் சூரியன் தலைக்கு நேரே வந்து, பிறகு ஆவணி தொடக்கம் வரை வடக்கே சாய்ந்துதான் போகிறது. அந்த மாதங்களில் வடக்குப் பக்கத்து மூன்று மாடிக் கட்டடமும் நிழல் போடும். மார்கழியில் தெற்குப் பக்கத்து மாமரம். காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்று வரை எந்த நிழல் எங்கே நகர்கிறது என்று வீட்டுக்காரரைவிட நன்றாகச் சொல்ல யாராலும் முடியாது. துணி காயப்போடும் கொடியை எங்கே கட்டுவது என்று தெரிந்த அம்மாவிடம் கேளுங்கள். பக்கத்து மனை காலியாக இருந்தால் அங்கே நாளைக்கு என்ன எழும்பும் என்றும் யோசியுங்கள்.

பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில்தான் பலரும் பணத்தைக் குறைக்கிறார்கள். வடகம் காய வைக்கவும் துணி உலர்த்தவும் இடம் வேண்டும் என்று எட்டடி, பத்தடி உயரத்தில் தூக்கி வைப்பது இங்கே வழக்கம். தூக்கி வைத்தால் அடியில் காற்றோட்டம் கிடைக்கும், பேனல் சூடு குறையும். அதுவும் லாபம்தான், ஏனென்றால் 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் பேனலின் திறன் ஏறக்குறைய 0.35 முதல் 0.4 சதவீதம் குறைகிறது. கத்திரி வெயிலில் பேனலின் முகம் 60 டிகிரியைத் தாண்டும். ஆனால் உயரத்தில் நிற்கும் பேனல் ஒரு பாய்மரம். 2011 டிசம்பரில் கடலூரைத் தாக்கிய தானே, 2016-இல் சென்னையைப் புரட்டிய வர்தா, 2018-இல் டெல்டாவைச் சிதைத்த கஜா ஆகிய புயல்களை நினைவில் வைத்துச் சட்டத்தைக் கேளுங்கள். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஜி.ஐ. இரும்பா, வெறும் பெயின்ட் அடித்ததா? கால்கள் தளத்தில் எப்படிப் பிடிக்கப்படுகின்றன? தளத்தைத் துளைத்தால் நீர்க்கசிவுக்கு யார் பொறுப்பு? குறுக்கு முட்டுகள் உண்டா? கடற்கரையிலிருந்து ஓரிரு கிலோமீட்டருக்குள் வீடு என்றால் போல்ட், நட்டுகூட துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். பேனலுக்கு 25 வருட வாரன்டி பேசிவிட்டு, அதைத் தாங்கும் சட்டத்தை ஐந்து வருடத்தில் உப்புக்காற்றுக்குத் தின்னக் கொடுப்பதில் என்ன பயன்?

கரண்ட் போனால் சோலாரும் போகும்

பணம் கட்டிய பிறகு பலருக்கும் அதிர்ச்சியாக இருப்பது இது. நல்ல உச்சி வெயில், மாடி நிறைய பேனல், ஆனால் தெருவில் கரண்ட் போனதும் வீட்டிலும் ஃபேன் நின்றுவிடும். பேட்டரி இல்லாத ‘ஆன்-கிரிட்’ இன்வெர்ட்டர் அப்படித்தான் இயங்க வேண்டும். வெளியே கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மீது உங்கள் வீட்டு மின்சாரம் பாயக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. இதை விற்கும்போதே சொல்லாத நிறுவனத்தை அந்த ஒரு காரணத்துக்காகவே ஒதுக்கலாம்.

அப்படியானால் பேட்டரியோடு வாங்கலாமா? எப்போதாவது ஒரு மணி நேரம் கரண்ட் போகும் ஊரில் வேண்டாம் என்பேன். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் சாதாரண இன்வெர்ட்டர் பேட்டரி நான்கு ஃபேனுக்குப் போதும். நாள்தோறும் பல மணி நேரம் மின்தடை உள்ள தோட்டத்து வீடு, மருத்துவக் கருவி ஓடும் வீடு என்றால் லித்தியம் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் அமைப்பைத் தாராளமாக யோசிக்கலாம்.

வெந்நீருக்கு வேறு கணக்கு

சோலார் வாட்டர் ஹீட்டரை பேனலின் தம்பி மாதிரி ஒரே கொட்டேஷனில் சேர்த்துவிடுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு பொருள், வெவ்வேறு கேள்வி.

நூறு லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 55-க்குக் கொண்டுவர மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல் செலவாகும். வெயிலை நேரடியாகத் தண்ணீருக்கு ஏற்றும் ஹீட்டர் இதை இரண்டு சதுர மீட்டரில் செய்துவிடும். பேனல் வழியாக மின்சாரமாக்கி கீசரில் சுடவைத்தால் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் வேண்டும். இந்த அளவில் ஹீட்டர் கெட்டிக்காரப் பொருள்தான். ஆனால் சென்னையிலும் மதுரையிலும் வேலூரிலும் மே மாதம் குழாயைத் திறந்தாலே வெந்நீர்தான். மாடியில் 200 லிட்டர் கொதித்துக்கொண்டிருக்கும், யாரும் தொட மாட்டார்கள். வேண்டாத வெந்நீரை வாரியத்துக்கு விற்க முடியாது. அதே இடத்தில் பேனல் இருந்தால் அந்த வெயில் யூனிட்டாக வரவு ஏறியிருக்கும். வருடத்தில் நாலைந்து மாதம் மட்டும் வெந்நீர் தேடும் சமவெளி வீடுகளுக்கு, பேனலும் நேரம் வைத்து ஓடும் கீசருமே பொருத்தம் என்பது என் கருத்து. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, ஓசூர் என்று வருடம் முழுக்க வெந்நீர் கேட்கும் ஊர்களிலும், ஹாஸ்டல், மருத்துவமனை, லாட்ஜ் போன்ற இடங்களிலும் ஹீட்டரை அடித்துக்கொள்ள எதுவுமில்லை.

வாங்குவதென்றால் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். போர் தண்ணீர் ஓடும் ஊர்களில் ஹீட்டரைக் கொல்வது வெயிலுமல்ல மழையுமல்ல, உப்பு. கடினத் தண்ணீர் சூடானதும் சுண்ணாம்பு பிரிந்து படிகிறது. இட்லிப் பானையின் அடியில் வெள்ளையாக ஒட்டுமே, அதேதான். தட்டைக் கண்ணாடிப் பெட்டி வகையில் தாமிரக் குழாய்கள் விரல் தடிமனே இருப்பதால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அங்கே வீட்டுத் தண்ணீர் தாமிரத்துக்குள் போகாமல் சூடு மட்டும் மாறும் ‘ஹீட் எக்ஸ்சேஞ்சர்’ வகை வேண்டும். கண்ணாடிக் குழல் வகையில் படிவு குழலின் அடியில் தங்கும். கழற்றிக் கழுவலாம், உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம், விலையும் குறைவு. உறைபனி விழும் நீலகிரியிலும் அது தாங்கும். தொட்டியின் உட்புறம் எந்த எஃகு என்பதும் முக்கியம். குளோரைடு மிகுந்த கடலோரத் தண்ணீர் 304 வகை எஃகிலும் ஓட்டை போட்டுவிடும். அங்கே 316 வகையோ, எனாமல் பூசி மெக்னீசியத் தண்டு வைத்த தொட்டியோ கேளுங்கள். அந்தத் தண்டு தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைந்து காப்பாற்றும். தேய்ந்ததும் மாற்றியே ஆக வேண்டும்.

குழல் வகையில் தொட்டியின் லிட்டரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சூடாக்குவது குழல்கள். 200 லிட்டர் தொட்டியோடு குறைவான குழல் கொடுத்து விலையைக் குறைத்துக் காட்டினால், கிடைப்பது வெதுவெதுப்பு மட்டுமே. குழலின் எண்ணிக்கை, நீளம், விட்டம் மூன்றையும் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். வீட்டில் பிரஷர் பம்ப் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அழுத்தம் தாங்காத சாதாரணத் தொட்டி அதில் பிளந்துவிடும்.

குளியலறை எவ்வளவு தூரம் என்பதை யாரும் அளப்பதில்லை. முக்கால் அங்குலக் குழாய் பதினைந்து மீட்டர் ஓடினால் அதற்குள் ஏறக்குறைய நான்கு லிட்டர் தண்ணீர் நிற்கும். காலையில் அது அத்தனையும் ஆறிப்போயிருக்கும். வெந்நீர் வருவதற்குள் ஒவ்வொருவரும் அதைத் திறந்துவிட்டால், தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் அது சின்ன நஷ்டமல்ல. சிபிவிசி குழாய், மேலே தடிமனான உறை, ஹீட்டருக்கு நேர் கீழே குளியலறை. இப்படி அமைந்தால்தான் வைத்த பயன் கிடைக்கும். தொட்டிக்குள் ‘பேக்கப்’ என்று வைக்கும் இரண்டு கிலோவாட் மின் காயிலை எப்போதும் ஆன் செய்து வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. அங்கே சூரியன் எழுவதற்கு முன்பே ஈபி தண்ணீரைச் சுடவைத்துவிடுகிறது. ஹீட்டருக்கு மத்திய அரசு மானியம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீடுகளுக்கான அந்த மானியம் பத்தாண்டுகளுக்கு முன்பே நின்றுவிட்டது.

கொட்டேஷனைப் படிப்பது

மூன்று இடத்திலாவது கொட்டேஷன் வாங்குங்கள். மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். பேனல் எந்தக் கம்பெனி, எந்த மாடல், எத்தனை வாட், எத்தனை எண்ணம் என்பது இருக்க வேண்டும். மானியத்துக்கு உள்நாட்டில் செய்த செல்லும் பேனலும் கட்டாயம். மலிவான வெளிநாட்டு செல் உள்ள பேனலை மாட்டிவிட்டால் மானியம் கிடைக்காது. பேனலின் பின்பக்க வரிசை எண்ணை இறக்கும்போதே போட்டோ எடுத்து வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாதனங்களுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய விகிதத்தில் போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

எர்த் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பேனல் பக்கத்துக்கு, வீட்டுப் பக்கத்துக்கு, இடிதாங்கிக்கு என மூன்று தனிக் குழிகள். பேனலிலிருந்து இறங்கும் டிசி மின்சாரத்தில் தொடர்பு தளர்ந்தால் பொறி அணையாமல் எரியும். இரண்டு பேனலைக் கோக்கும் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் கனெக்டரில் ஆண் ஒரு கம்பெனி, பெண் வேறு கம்பெனி என்று மாற்றிச் சொருகினால், உள்ளே பிடிப்பு சரியாக அமையாமல் சூடேறி உருகும். மாடியில் தீப்பிடிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. வேலை நடக்கும் நாளில் பக்கத்தில் நின்று அதைப் பாருங்கள். வெயிலில் கிடக்கும் வயர் சோலாருக்கென்றே செய்ததாக இருக்கட்டும்.

திட்டத்தின் கீழ் பொருத்துபவர் ஐந்து வருடம் பராமரிப்புத் தர வேண்டும் என்பது விதி. மானியம் அமைப்பு இயங்கத் தொடங்கிய பிறகு நேரே உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். ‘மானியத்தை நாங்களே கழித்துக்கொள்கிறோம்’ என்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்துவிடாமல் பத்து சதவீதமாவது நெட் மீட்டர் ஏறும் வரை கையில் நிற்கட்டும். பேனல் மாட்டியும் மீட்டர் மாறாமல் கிடக்கும் வாரங்களில் அலைவதற்கு அவருக்கும் ஒரு காரணம் வேண்டும். 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பத்தை, தொழில்நுட்ப ஆய்வு என்று இழுக்காமல் ஏற்க வேண்டும் என்று 2024-இல் மத்திய அரசு விதியைத் திருத்தியிருக்கிறது. செக்ஷன் ஆபீஸில் இழுத்தடித்தால் இதைச் சொல்லிக் கேட்கலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் தனித்தனியாக மாடிக்குச் சண்டை போடுவதைவிட, லிஃப்ட், மோட்டார், பொது விளக்குக்கான மீட்டருக்குப் பேனல் வைப்பதுதான் லாபம். பொதுப் பயன்பாட்டுக்கு இலவச யூனிட் கிடையாது, 2024 திருத்தத்துக்குப் பின் யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் போகிறது. முதல் யூனிட்டிலிருந்தே மிச்சம். சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியமும் உண்டு. பராமரிப்புக் கட்டணம் குறைந்தால் பலன் மாடி இல்லாத முதல் தள வீட்டுக்கும் போய்ச் சேர்கிறது.

எல்லாம் முடிந்து நெட் மீட்டர் ஓட ஆரம்பித்ததும், முதல் பில் வரும் நாளில் மூன்று எண்களை எடுத்து வையுங்கள்: வாரியத்திலிருந்து வாங்கியது, வெளியே அனுப்பியது, இன்வெர்ட்டர் காட்டும் மொத்த உற்பத்தி. அனுப்பிய யூனிட் பில்லில் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். கழியவில்லை என்றால் அந்த வாரமே எழுத்தில் புகார் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள், அடுத்த ரீடிங்கும் ஏறிவிட்டால் திருத்துவது இரட்டை வேலை. உற்பத்தி கிலோவாட்டுக்கு நாலு யூனிட் என்ற கணக்கைவிட மழையில்லாத மாதத்திலும் வெகுவாகக் குறைந்தால், விடிகாலையில் பேனல் சூடேறும் முன் சாதாரணத் தண்ணீரால் கழுவி இரண்டு நாள் கவனியுங்கள். அப்போதும் ஏறவில்லை என்றால் பொருத்தியவரை மாடிக்கு வரச் சொல்லுங்கள்.